தொண்டர் குழுவும் கிராமச் சங்கமும்

கல்வி, மருத்துவம், பஞ்ச நிவாரணம் முதலிய துறைகளில் கிறிஸ்தவத் திருச்சபைகளைச் சார்ந்த தொண்டர் குழுக்கள் நம் நாட்டுக் கிராமங்களில் நெடுங்காலமாக உழைத்து வருகின்றன. அவ்வுழைப்பின் பலன் எல்லா ஊர்களிலும் ஒரே தன்மையாக இருக்கவில்லை. சில ஊர்களில் தொண்டர் இருந்த மட்டும் காரியங்கள் செவ்வனே நடந்தன. அவர் மாற்றலாகிச் சென்றதும் கட்டடம் பூட்டப்பட்டது. வேறு சில ஊர்களிலோ, தொண்டர் சென்று ஒரு தலைமுறை கழிந்த பின்னும், அவர் தொடங்கிவைத்த சங்கம் ஊராருடைய கையிலேயே நடைபெற்றது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது என்பதை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலுள்ள கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் எம்மதத்தினராயினும் இவ்விஷயத்தை ஆராய்தல் பயனுடையது. தொண்டர் குழுக்கள் தங்கள் ஊருக்கு வருங்கால் அவற்றின் உதவியை எவ்வாறு ஏற்பது, எவ்வளவு ஏற்பது, எப்பொழுது தம் காலில் நிற்பது என்னும் வினாக்கள் ஒவ்வொரு சங்கத்திற்கும் என்றேனும் ஒரு நாள் எழத்தான் செய்யும்.

1. புதுவையில் இடிந்த சுவர்

தொண்டு வேறு, நீதி வேறு என்பதைப் புதுவையின் பழைய வரலாறே காட்டுகின்றது. சம்பா கோவில் எனப்படும் தேவாலயத்தினுள் உயர்ந்த சாதியினரெனப்பட்ட கிறிஸ்தவர்களையும் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்தது. 1745ஆம் ஆண்டில் தாழ்த்தப்பட்ட மக்கள் திரண்டு சென்று, ஒரே தேவனை வணங்கும் இடத்தில் இப்பிரிவினை தகுமோ என்று குருமாரிடம் முறையிட்டனர். குருவும் அம்முறையீட்டின் நியாயத்தை ஒப்புக்கொண்டு சுவரை இடிக்கச் செய்தார். இச்செய்தியை ஆனந்தரங்கப் பிள்ளை தம் தினசரியில் குறித்து வைத்துள்ளார். அன்றிருந்த கோவில் 1761இல் ஆங்கிலேயர் புதுவையைப் பிடித்தபோது அழிந்தது. இன்றுள்ள கோவில் 1791இல் கட்டி முடிக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் கவனிக்கத்தக்கவை இரண்டு. அச்சுவர் நின்ற காலத்திலும் அங்கே தர்மம் நடந்துகொண்டுதான் இருந்தது. ஏழைக்குக் கஞ்சி வார்ப்பதும், அதே ஏழையைச் சுவருக்கு அப்பால் நிறுத்துவதும் ஒரே கூரையின்கீழ் ஒருங்கே நடைபெறக் கூடும். இது முதலாவது. சுவர் தானாக இடியவில்லை. அப்பால் நிறுத்தப்பட்டவர்களே ஒன்றுகூடி வந்து கேட்ட பின்னர்தான் இடிந்தது. இது இரண்டாவது. தொண்டர் குழுவின் வேலை பசித்தவனுக்குச் சோறிடுவதோடு முடிவதன்று. கேட்க வேண்டியதைக் கேட்கும் கூட்டமாக அவன் சேர்வதற்குத் துணை செய்வதும் அதன் வேலையே.

2. ரொட்டிச் சங்கம் கற்பித்த பாடம்

நாணயச் சங்கங்களின் முன்னோடியாகிய ரெய்பீசனின் அனுபவமும் இதுவே. ஜெர்மனி தேசத்தில் வெயர்புஷ் என்னும் ஊரின் தலைவராக அவர் இருந்தார். 1846-47ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பஞ்சம் வந்தபோது, செல்வர்களிடம் பொருள் திரட்டி, மாவு வருவித்து, ஏழைகளுக்கு ரொட்டியைக் கடனாகக் கொடுக்கும் சங்கம் ஒன்றை அமைத்தார். அவர் ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்றுடையவர். பிறர்க்கு உதவுவது சமயக் கடமை என்று நம்பியவர். பின்னர் ஹெட்டெஸ்டோர்ப் என்னும் ஊரில் 1854இல் மற்றொரு தர்ம சங்கத்தை நிறுவினார். செல்வரின் இரக்கத்தை நம்பி நின்ற அச்சங்கத்தில், ஆண்டுகள் செல்லச் செல்லச் செல்வரின் ஊக்கம் தளர்ந்தது. 1864இல் அச்சங்கத்தை அவர் முற்றிலும் மாற்றியமைத்தார். கடன் வாங்குபவனே அங்கத்தினன் ஆக வேண்டும். அங்கத்தினர் யாவரும் ஒருவருக்கொருவர் பொறுப்பாளிகள். கணக்கு அவர்களுடையது என்னும் விதிகள் அப்பொழுது பிறந்தன.

சென்னை மாகாணத்தில் பிரெடரிக் நிக்கல்சன் 1895லும் 1897லும் அளித்த அறிக்கைகள் அம்முறையையே எடுத்துரைத்தன. 1904இல் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டிலேயே செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் மாகாணத்தின் முதல் சங்கம் ஏற்பட்டது. இன்று ஊர்தோறும் காணப்படும் சங்கத்தின் மூலவேர் இவ்வாறு ஒரு தர்மச் சாலையில் தொடங்கியது. தர்மம் மட்டும் போதாது என்று கண்டுகொண்ட பிறகே அவ்வேர் மரமாயிற்று.

3. தொண்டர் நாடு கடத்தப்பட்டும் நின்ற சங்கம்

இந்திய நாட்டில் இதற்குச் சிறந்த சான்று சோட்டாநாக்பூர்ப் பகுதியில் உண்டு. அங்கு வாழும் முண்டா மக்கள் காட்டைத் திருத்தி நிலமாக்கிய குடிகள். திருத்தியவரின் வம்சத்தாருக்கு நிலம் பொதுவில் உரியது என்பது அவர்களுடைய வழக்கு. ஜமீன்தாரர்களும் லேவாதேவிக்காரர்களும் அந்நிலங்களைச் சிறிது சிறிதாகக் கைப்பற்றினர். அதனால் எழுந்த கொதிப்பே 1899-1900இல் பிர்சா முண்டாவின் எழுச்சியாக வெடித்தது.

அப்பகுதியில் பணிபுரிந்த இயேசு சபைக் குரு ஜான் ஹாப்மன், முண்டா மொழியையும் நில வழக்குகளையும் நுணுகிக் கற்றார். 1908ஆம் ஆண்டின் சோட்டாநாக்பூர்க் குடிவாரச் சட்டம் உருவாகியபோது, முண்டாக்களின் பரம்பரை நில உரிமை அதில் இடம்பெற அவருடைய அறிவு பெரிதும் உதவியது. எனினும் சட்டம் மட்டும் நிலத்தைக் காவாது என்பதை அவர் உணர்ந்தார். விதைக்கும் உணவுக்கும் கடன்பட்டவன் சட்டம் இருந்தும் நிலத்தை இழப்பான். ஆகவே 1909இல் கத்தோலிக்கக் கூட்டுறவு நாணயச் சங்கத்தையும், அதனோடு கிராமங்களில் நெற்களஞ்சியங்களையும் ஏற்படுத்தினார். அறுவடையில் நெல் சேர்த்து வைத்து, பஞ்ச மாதங்களில் கடனாகப் பெற்று, அடுத்த அறுவடையில் திருப்பும் முறை அது.

முதல் உலகப் போரின்போது, ஜெர்மானியர் என்ற காரணத்தால் 1915இல் ஹாப்மன் இந்தியாவிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவர் சென்றதோடு சங்கம் மறைந்துவிடவில்லை. அதன் பின்னும் பல ஆண்டுகள் அது நடந்தது. தொண்டர் தாமே விரும்பி விலகவில்லை, வலிய விலக்கப்பட்டார். அவ்வாறாயினும் சங்கம் நின்றது. இதில் ஒரு குறையும் உண்டு. அச்சங்கம் கத்தோலிக்கருக்கே உரியதாக அமைந்தது. அதே லேவாதேவிக்காரரிடம் அகப்பட்டிருந்த அயல்வீட்டார் வேறு வழிபாட்டினராயின் அச்சங்கத்தில் அவருக்கு இடமில்லை.

4. மார்த்தாண்டத்து முட்டையும் தேனும்

இக்குறையை நீக்கிய முயற்சியைத் தமிழ் மண்ணிலேயே காணலாம். சேலத்திற் பிறந்த கே. டி. பால், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் இந்தியத் தலைமைச் செயலாளர் பதவியை 1916இல் ஏற்ற முதல் இந்தியர். அதற்கு முன்னரே, 1913 முதல், அச்சங்கத்தின் கவனத்தை நகரத்து மாணவரிடமிருந்து கிராமத்து ஏழையின்பால் திருப்பியவரும் அவரே. கிராமத்தானுக்கு முதலில் வேண்டுவது வட்டிக் கொடுமையினின்று விடுதலை என்று கண்டு, கூட்டுறவு நாணயச் சங்கங்களை அமைப்பதில் அவர் முனைந்தார்.

அப்பணியின் தொடர்ச்சியாக 1920களில் தென் திருவிதாங்கூரின் மார்த்தாண்டத்தில் கிராம புனருத்தாரண நிலையம் வளர்ந்தது. இன்று அவ்வூர் கன்னியாகுமரி ஜில்லாவில் உள்ளது. விவசாயக் கல்வி கற்ற அமெரிக்கராகிய ஸ்பென்சர் ஹாட்ச் அதனை நடத்தினார். ஆன்மா, அறிவு, உடல், சமூகம், பொருள் என்னும் ஐந்து பக்கங்களிலும் கிராம வாழ்வு ஒருங்கே உயர வேண்டும் என்பது நிலையத்தின் கொள்கை. தன் முயற்சியால் உயர்பவனுக்கு அருகிருந்து ஆலோசனை கூறுவதே தொண்டனின் வேலை என்பது அதன் முறை. கிராமத்தான் தன் வீட்டில் செய்ய இயலாத எதையும் நிலையத்தில் செய்து காட்டுவதில்லை என்னும் கட்டுப்பாட்டினால், அங்குள்ள கூடுகளும் கொட்டகைகளும் உள்ளூர்ப் பொருள்களாலேயே எளிய முறையில் அமைந்தன. பயிற்சி பெற வந்தவரின் சாதியோ சமயமோ வினவப்படவில்லை.

முதலில் கோழி வளர்ப்பு எடுத்துக்கொள்ளப்பட்டது. நிலமில்லாதவனுக்கும் கோழி உண்டு; அதைப் பேணுபவள் வீட்டுப் பெண். நல்ல சாதிச் சேவல்களைக் கொண்டு நாட்டுக் கோழியினம் திருத்தப்பட்டது. அதன் பின் முட்டை விற்பனைச் சங்கம் ஏற்பட்டது. முட்டைகளை விளக்கொளியில் சோதித்து, கெட்டவற்றை நீக்கி, பருமன்வாரியாகப் பிரித்து, முத்திரையிட்டுத் தொலைவிலுள்ள நகரங்களுக்கு அனுப்பினர். சந்தையில் வியாபாரி சொன்ன விலைக்கு விற்றுவந்த முட்டைக்கு, தரம் உறுதி செய்யப்பட்டமையால் நல்ல விலை கிடைத்தது. முட்டையைத் தனித்தனியே விற்றபோது கிராமத்தாருக்கு இல்லாத பேரம் பேசும் வலிமை, சேர்த்து விற்றபோது வந்தது.

தேனீ வளர்ப்பு இதனினும் நிலைத்தது. முன்னர்த் தேன் எடுப்போர் அடையைப் பிழிந்தெடுப்பர், முட்டையும் புழுவும் தேனில் கலக்கும், கூடும் அழியும். நியூட்டன் என்னும் கிறிஸ்தவக் குரு நம் நாட்டுத் தேனீயின் உடலளவுக்கேற்பச் சட்டங்களைக் கொண்ட சிறிய பெட்டி ஒன்றை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்தார்; இன்றும் அது நியூட்டன் பெட்டி என்றே வழங்கும். சட்டத்தை எடுத்துச் சுழல் பொறியிலிட்டுச் சுற்றினால் தேன் மட்டும் தெறித்து வெளிவரும். அடை பழுதுறாமல் மீண்டும் பெட்டிக்குள் செல்லும். புதிய அடை கட்டுவதற்குத் தேனீக்கள் செலவிடும் உழைப்பு இதனால் மிச்சப்படும். மார்த்தாண்டத்தில் இம்முறை பரவி, 1937இல் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய பின், ரப்பர்த் தளிரில் சுரக்கும் இனிய நீரே அப்பகுதித் தேனுக்கு முக்கிய ஆதாரமாயிற்று.

1990களின் தொடக்கத்தில் ஒரு நச்சு நோய் தென்னிந்தியத் தேனீக்களைத் தாக்கி, பெருவாரியான கூட்டங்களை அழித்தது. தனி மனிதனாயின் பெட்டியை விறகாக்கிவிட்டு வேறு தொழில் தேடியிருப்பான். சங்கமாகச் சேர்ந்திருந்தமையின் அத்தொழில் அப்பகுதியில் அற்றுப்போகவில்லை. எஞ்சிய கூட்டங்களினின்று மீண்டும் பெருகியது. ஹாட்ச் இந்தியாவை விட்டுச் சென்று பல்லாண்டுகள் கழிந்த பின் நேர்ந்த சோதனை இது.

5. கடற்கரையில் ஏலம் கூறும் உரிமை

அதே ஜில்லாவின் கடற்கரையில் வேறொரு கொடுமை இருந்தது. மீனவன் வலைக்கும் மரத்திற்கும் வியாபாரியிடம் முன்பணம் பெறுவான். அதற்கு வட்டி என்று தனியே பெயர் சொல்லப்படுவதில்லை. பிடித்த மீனை அவ்வியாபாரிக்கே, அவன் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஆதலால் எத்தனை ஆண்டுகள் மீன் கொடுத்தாலும் முதல் குறைவதில்லை.

1953இல் நார்வே நாட்டின் துணையுடன் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் ஒரு பெரிய மீன்வளத் திட்டம் தொடங்கப்பட்டது. விசைப்படகுகளும் குளிர்சாதனமும் வந்தன. இறால் ஏற்றுமதி பெருகியதும், லாபத்தின் பெரும்பங்கு கடலுக்குச் செல்லாத முதலாளிகளிடம் போய்ச் சேர்ந்தது. படகைக் கொடுத்தவர்கள் மீனின் முதல் விற்பனை யார் கையில் இருக்கின்றது என்பதைக் கவனிக்கவில்லை.

இதனைக் கவனித்தவர்கள் திருவனந்தபுரத்திற்கு வடக்கே மரியநாட்டில் பணிபுரிந்த தொண்டர்கள். 1960களின் தொடக்கத்தில் திருவனந்தபுரம் மறைமாவட்டம் தனக்குரிய தென்னந்தோப்பில் மீனவர்க்கு வீடுகள் அமைத்துக் குடியேற்றியது. ஒரு சிறு தொண்டர் குழு அங்கேயே தங்கியது. குழுவினர் முதலில் சங்கம் எதையும் பதிவு செய்யவில்லை. மருத்துவம், குழந்தைகள் கல்வி, பெண்கள் கூட்டம் ஆகியவற்றின் வழியாக ஊராரோடு பழகினர். கடன் எவ்வாறு ஏறுகின்றது என்பதை ஊராரோடு அமர்ந்து பேசினர். இவ்வாறு சில ஆண்டுகள் சென்ற பின்னர், மீனவர்கள் தாமே விரும்பிக் கேட்க, 1970இல் சங்கம் பதிவாயிற்று.

அச்சங்கத்தின் முறை எளியது. கடலுக்குச் செல்பவனே அங்கத்தினன் ஆகலாம். கரைக்கு வந்த மீனைச் சங்கத்தின் ஆளே ஏலம் கூறுவான். விற்ற பணம் சங்கத்தின் வழியே மீனவனுக்குச் சேரும். விற்ற தொகையில் ஒரு பகுதி கடனுக்கும், ஒரு பகுதி சேமிப்புக்கும், ஒரு சிறு பகுதி சங்கச் செலவுக்கும் பிடிக்கப்படும். கணக்கு விளங்கும்பொருட்டு, ஒரு நாள் மீன் 1,000 ரூபாய்க்கு ஏலம் போயிற்று என்க. நூற்றுக்கு 10 கடனுக்கும், 3 சேமிப்புக்கும், 3 சங்கத்திற்கும் பிடித்தால், மீனவன் கையில் 840 ரூபாய் சேரும். அவனுடைய கடன் 100 ரூபாய் குறையும். சேமிப்பு 30 ரூபாய் கூடும். மீன் கிடைக்காத நாளில் பிடித்தமும் இல்லை. மாதத் தவணை என்று ஒரே தொகையை நிர்ணயித்திருந்தால் கடல் கொந்தளிக்கும் மாதத்தில் அவன் தவறியிருப்பான். தொழிலின் இயல்புக்கு ஏற்றவாறு தவணை அமைந்தமையால் கடன் திரும்பியது.

கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூக சேவைச் சங்கமும், பெல்ஜிய நாட்டுக் குரு ஜேம்ஸ் தொம்பர் முதலியோரின் வழிகாட்டுதலில், கன்னியாகுமரிக் கடற்கரையில் இத்தகைய மீனவர் சங்கங்கள் வளரத் துணை செய்தது. 1980இல் இவை யாவும் சேர்ந்து தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு ஏற்பட்டது. ஊர்ச் சங்கம், ஜில்லாச் சங்கம், கூட்டமைப்பு என மூன்று படிகளாக அமைந்த இவ்வமைப்பில் நிர்வாகப் பொறுப்பு மீனவரிடமே வந்தது. தொண்டர்கள் ஆலோசகராயினர்.

6. இவற்றால் பெறப்படும் விதிகள்

மேற்கூறிய வரலாறுகளை ஒப்புநோக்கின் நான்கு விதிகள் புலப்படும்.

முதலாவது: கொடுமையின் வேர் எங்குள்ளது என்பதைத் தொண்டர் முதலில் கற்க வேண்டும். முண்டாவுக்கு அது நிலப்பத்திரத்தில் இருந்தது. மீனவனுக்கு ஏலக் களத்தில் இருந்தது. வேரை அறியாமல் படகு கொடுத்தவன் வியாபாரிக்கே உதவினான்.

இரண்டாவது: தொடங்கும் தொழில் ஏழையின் சக்திக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். கோழியும் தேனீயும் அற்பமெனத் தோன்றலாம். நிலமில்லாதவன் அன்றே தொடங்கக் கூடியவை அவைதாம்.

மூன்றாவது: கணக்கு அங்கத்தினனுக்கு விளங்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். தனக்கு விளங்காத கணக்கைக் கொண்ட சங்கம், எத்தனை நேர்மையாக நடப்பினும், அங்கத்தினனுக்கு அந்நியமானதே.

நான்காவது: தொண்டர் விலகும் காலம் தொடக்கத்திலேயே குறிக்கப்பட வேண்டும். தாம் இல்லாவிடில் காரியம் கெடும் என்னும் எண்ணம் நல்லவரிடத்தும் தோன்றும் இயல்புடையது. அவ்வெண்ணம் வலுப்பட்டால் சங்கம் தொண்டரின் சொத்தாகிவிடும்.

7. வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களுக்கு இது பொருந்தும் விதம்

புதுவைப் பகுதியில் கொம்யூன்கள் பிரெஞ்சு அரசாங்கத்தின் 1880ஆம் ஆண்டு ஆணையால் ஏற்பட்டவை. வில்லியனூரும் பாகூரும் இன்றும் கொம்யூன் பஞ்சாயத்துகளாக உள்ளன. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டினின்று பங்காரு வாய்க்கால் வழியாக வரும் நீர் பாகூர் ஏரியை நிரப்புகின்றது. அதனால் பாகூர் புதுவையின் நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்றது. வில்லியனூரில் நெல்லும் கரும்பும் விளைவதோடு மண்பாண்டத் தொழிலும் பெயர்பெற்றது. 1877இல் பிரான்சிலிருந்து சொரூபம் வந்து சேர்ந்த வில்லியனூர் லூர்து மாதா ஆலயத்திற்குக் கிறிஸ்தவரல்லாதாரும் திரளாக வருவது அனைவரும் அறிந்ததே. வழிபடும் இடத்தில் உள்ள இந்நல்லிணக்கம் தொழில் செய்யும் இடத்திலும் பயன்படத் தக்கது.

இப்பகுதியில் தொண்டர் குழுக்கள் பெரும்பாலும் இடர்ப்பாட்டுக் காலங்களில் மக்களின் கண்ணுக்குப் புலப்படுகின்றன. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயலின் பெருமழையும் அதனையடுத்துத் தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் பாகூர்ப் பக்கத்து ஊர்களைச் சூழ்ந்தன. அத்தகைய நாட்களில் சோறும் துணியும் கொடுப்பதே முதற்கடன். அப்போது சங்க விதிகளைப் பேசிக்கொண்டிருத்தல் தகாது. வெள்ளம் வடிந்த பின்னரே உண்மையான சோதனை தொடங்குகின்றது. நிலத்திற்குரியவன் பயிர் நஷ்ட ஈடு பெறுகின்றான். அந்நிலத்தைக் குத்தகைக்கு உழுதவன், வாய்மொழி ஒப்பந்தமே உடையவனாயின், தன் பெயரைக் காட்டப் பத்திரமின்றி நிற்கின்றான். நாற்று நடும் பெண்ணோ எந்தப் பட்டியலிலும் இல்லை. அடுத்த பருவத்திற்கு விதை வாங்க இவ்விருவரும் செல்லுமிடம் லேவாதேவிக்காரர் வாசலே.

இங்குத்தான் கூட்டுறவுச் சங்கமும் தொண்டர் குழுவும் கைகோத்துச் செய்யத்தக்க வேலை உள்ளது. நிலப்பத்திரம் இல்லாத குத்தகைதாரர் சிலர் சேர்ந்து, ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பேற்கும் கூட்டுப் பொறுப்புக் குழுவாக அமைந்து கடன் பெறும் முறை இந்நாட்டில் நடைமுறையில் உள்ளது. இது ரெய்பீசன் கண்ட முறையே. அத்தகையவர்களைத் தேடிச் சேர்ப்பதற்கும், வாராந்தரக் கூட்டத்தில் பழக்குவதற்கும், கணக்கெழுதக் கற்பிப்பதற்கும் பொறுமையும் ஓய்வும் உடைய தொண்டர் வேண்டும். புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தின் பல்நோக்குச் சமூக சேவைச் சங்கம் போன்றவை பெண்கள் சுயஉதவிக் குழுக்களை அமைப்பதில் பழக்கமுடையவை. சேமிப்பும் கூட்ட ஒழுங்கும் பழகிய பெண், கூட்டுறவுச் சங்கத்திலும் பால் உற்பத்தியாளர் சங்கத்திலும் நல்ல அங்கத்தினராவார். குழுவோடு நிற்காமல் அவரைச் சங்கத்தின் மகாசபை வரை கொண்டுசேர்ப்பதே தொண்டின் நிறைவு.

சங்கத்தாருக்கும் இதில் கடமை உண்டு. புதுவைச் சங்கங்களை ஆளும் 1972ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின்கீழ் அங்கத்தினர் அனைவரும் கூடும் மகாசபையே சங்கத்தின் உயர்ந்த அதிகாரம். பங்கு எத்துணையாயினும் ஒருவருக்கு ஒரு வாக்கே. 2011ஆம் ஆண்டு அரசியல் சட்டத் திருத்தத்தால் கூட்டுறவுச் சங்கம் அமைப்பது குடிமக்களின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகவும் சேர்க்கப்பட்டது. ஆயினும் ஏட்டில் உள்ள உரிமை கூட்டத்தில் நடைமுறைக்கு வருகின்றதா என்பதை அங்கத்தினரே பார்க்க வேண்டும். கூட்ட அறிவிப்பு காலனி வரை சென்றதா? மனுக் கொடுத்தவருக்கு உரிய காலத்தில் விடை கிடைத்ததா? கூட்டத்தில் எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்தனரா? இவற்றுள் ஒன்றுக்கேனும் இல்லை என்பது விடையாயின், சம்பா கோவிலில் 1745இல் இடிந்த சுவர் அச்சங்கத்தின் பதிவேட்டில் இன்னும் நிற்கின்றது என்றே கொள்ள வேண்டும்.

தொண்டர் குழுக்களுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். உதவி பெறுபவனின் சமயத்தை வினவுவதும், உதவியைச் சமய மாற்றத்தோடு பிணைப்பதும் சங்கத்தின் ஐக்கியத்தைக் குலைக்கும். தம் சொந்தச் சபையினுள் கல்லறையிலும் திருவிழாவிலும் சாதிப் பிரிவினை காட்டுபவர், ஊருக்குள் வந்து சமத்துவம் பேசின் ஊரார் நம்பார். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் தலித் மக்களின் மேம்பாட்டிற்கென ஒரு கொள்கை அறிக்கையை வெளியிட்டு, சபையினுள் சாதி வேற்றுமை இருப்பதை ஒப்புக்கொண்டது. குறையை ஒப்புக்கொள்ளுதல் அதனை நீக்குவதன் தொடக்கமாகும்.

ஆகவே ஒரு தொண்டர் குழுவின் பணியை, அது கட்டிய கட்டடத்தாலோ வழங்கிய அரிசி மூட்டைகளாலோ மட்டும் அளத்தல் போதாது. அக்குழு சென்ற பின் சங்கத்தின் பணப்பெட்டிச் சாவி எவர் கையில் இருக்கின்றது, மகாசபையில் எழுந்து நின்று கணக்குக் கேட்பவர் எவர் என்பவற்றைக் கொண்டே அளக்க வேண்டும். முன்பு வாசலில் நின்று உதவி வாங்கிய குத்தகைதாரரும் நாற்று நடும் பெண்ணும் உள்ளே அமர்ந்து கணக்குக் கேட்பாராயின், தொண்டர் வந்த காரியம் முடிந்தது எனலாம்.

சங்கக் கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் கடன் வாங்குவோர் விளைபொருளை எவருக்கு, எவர் சொல்லும் விலைக்கு விற்கின்றனர்? முதல் விற்பனை எவர் கையில் உள்ளது?

2. ஊரில் உழுதொழில் செய்வோருள் சங்கத்தில் அங்கத்தினராகாதோர் எத்தனை பேர்? அவர்களைத் தடுப்பது பங்குத்தொகையா, பத்திரமா, வழக்கமா?

3. நிலமில்லாத குடும்பம் ஒன்று சிறு முதலில் தொடங்கத்தக்க தொழில்கள் நம் கொம்யூனில் எவை? அவற்றின் விளைபொருளைச் சேர்த்து விற்க இயலுமா?

4. கடன் தவணைகள் தொழிலின் வருமானம் வரும் காலத்திற்கு ஏற்ப அமைந்துள்ளனவா?

5. சென்ற ஆண்டு வரவுசெலவுக் கணக்கு மகாசபையில் யாவருக்கும் விளங்கும்படி வாசிக்கப்பட்டதா?

6. ஏதேனும் ஒரு தொண்டர் குழு நம் சங்கத்திற்கு உதவி வருமாயின், அப்பொறுப்பை நம்மவர் ஏற்கும் நாள் குறிக்கப்பட்டுள்ளதா?